கஞ்சன் போட்ட ஒன்பது

மூக்குக் கண்ணாடிக் கடையில், கண்ணுக்குப் பவர் பார்க்கிறவன் என்பதால், அவனைப் 'பவர் சார்' என்பார்கள். வீட்டில் தங்கைக்கு அண்ணா, அம்மாவுக்குப் பெரியவன். முகமே பார்த்திராத சில ஆயிரம் பேருக்கோ அவன் 'கஞ்சன்'. வீடியோ கேம் ரசிகர்கள் கூடிச் சண்டை போட்டுக்கொள்ளும் இணைய மன்றம் ஒன்றில், பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிற மூத்த உறுப்பினன் அவன். செலவில் தாராளம்தான், மதிப்பெண்ணில்தான் கை வராது. ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய கேமுக்கு ஆறு போட்டு, "குதிரை நல்லா ஓடுது, கதைதான் நொண்டுது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவான். அவனிடம் ஏழு வாங்கியவர்கள் அதை விளம்பரத்தில் போட்டுக்கொண்டதுண்டு. எட்டு போட்டு யாரும் பார்த்ததில்லை.

அந்த மன்றத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மேலதிகாரி எதிரே வாய் திறக்காத மனிதர்கள் அங்கே வந்து ஒரு கேம் வீரனின் தாடி நிறத்துக்காக நாள் கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். கேமைப் படமாக எடுத்தால் உருப்படுமா, படத்தைக் கேமாக்கினால் விளங்குமா, 'சுலபம்' என்ற நிலையில் வைத்து விளையாடுகிறவனை ஆட்டக்காரன் என்று சேர்த்துக்கொள்ளலாமா, இவையெல்லாம் அங்கே தீராத வழக்குகள். சிரிப்பதற்கில்லை. மனதில் பட்டதைப் பட்டபடி சொல்ல எத்தனை பேருக்கு ஓர் இடம் வாய்க்கிறது?

கஞ்சனின் கட்சி எப்போதும் ஒன்றுதான். கேம் சினிமாவாக ஆசைப்படக் கூடாது. "படம் பாக்கணும்னா நான் தியேட்டருக்கே போயிருப்பேனே, கையில எதுக்குய்யா கண்ட்ரோலரக் குடுத்த?" என்று அவன் எழுதி எழுதி, கடைசியில் மற்றவர்கள் அவனுக்கு முன்பாகவே அதை எழுதிவைத்துவிட்டு அவன் வரவுக்காகக் காத்திருப்பார்கள்.

மன்றத்து விதி ஒன்றுக்கும் அவன்தான் காரணம். முன்பெல்லாம் காலையில் ஒன்பது போட்டவன், கூட்டாளி திட்டினால் மாலையில் நான்காக்கிவிடுவான். "இது மார்க்கா, தக்காளி விலையா?" என்று கேட்டு, போட்டது போட்டதுதான், யாரும் திருத்த முடியாது என்று ஆக்கியவன் கஞ்சன். கணக்கை மூடிவிட்டு வெளியேறுகிறவரின் மதிப்பெண்கள் மட்டும் கழிந்துபோகும். ஆனால் அவர் அதுவரை எழுதியதெல்லாம் 'விலகிய உறுப்பினர்' என்ற பெயரில், யார் எழுதியது என்று கேட்பாரற்றுக் கிடக்கும்.

பிழைப்பிலும் அவனுக்கு அபிப்பிராயத்தோடுதான் வேலை, இங்கே கேட்கிறவன் அவன். இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, மூக்கில் கனத்த சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "முன்னாடி போட்டது தெளிவா, இப்ப போட்டதா?" என்று கேட்பான். முக்கால்வாசிப் பேர் அவன் மனம் நோகக் கூடாதென்று "ரெண்டுமே நல்லாருக்கு சார்" என்பார்கள். "நல்லாருக்குன்னு சொல்லி எனக்கு உதவி பண்ணாதீங்கம்மா. நாளைக்குப் படியில தடுக்கி விழப்போறது நீங்கதான்" என்பான் அவன்.

இப்படிப்பட்டவன்தான் தங்கை விஷயத்தில் சறுக்கினான்.

தங்கை வங்கி வேலையை விட்டுவிட்டு, நண்பர்கள் இருவரோடு சேர்ந்து சொந்தமாக ஒரு கேம் செய்யக் கிளம்பியவள். அவள் கதையும் ஆட்டமும் எழுதுவாள். ஒருத்தி படம் வரைவாள், ஒருவன் ஒலி சேர்ப்பான். தையல் கடைக்கு மேலே ஓர் அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே மேசை அதிரும். "கம்ப்யூட்டர்ல பொம்மை ஓட்டவா இவ்வளவு படிச்ச?" என்று அம்மா பொருமும்போதெல்லாம் அண்ணன்தான் குறுக்கே விழுந்து காப்பாற்றுவான். மூன்று வருடத்தில் அவள் பாதியாக இளைத்துவிட்டாள். கேமை மட்டும் அவன் கண்ணில் காட்டவில்லை. கூட வேலை செய்கிற இருவரும் கஞ்சனின் எழுத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவர்கள். அவர்களிடம் அவன்தான் தன் அண்ணன் என்று அவள் மூச்சுவிடவும் இல்லை.

கேம் வெளிவருவதற்கு முன்பே மன்றத்து மூத்த உறுப்பினர்களுக்கு ஒரு பிரதி வந்தது. அன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே தங்கை சொன்னாள்: "அண்ணா, நீ எப்பவும் மாதிரி எழுது. அவ்வளவுதான்."

பாவம், பயந்துபோயிருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

விடுமுறை நாள் மதியம், அம்மா தூங்கிய பிறகு உட்கார்ந்தான். ஒரு சின்ன ஊர், ஒரே தண்ணீர்த் தொட்டி. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்பது வால்வு திறக்கிறவனின் கையில். அந்த ஆளாகத்தான் நாம் விளையாட வேண்டும். ஒரு தெருவுக்குத் திறந்தால் அடுத்த தெருவில் குழாய் காற்று வாங்கும். நேற்று சிரித்துப் பேசியவள் இன்று கதவைச் சாத்துவாள். துப்பாக்கி இல்லை, வில்லன் இல்லை. ஆனாலும் ஐந்தாம் தெரு முனையில் வால்வு திறக்கும் சாவியோடு நின்றபோது கஞ்சனின் விரல் தயங்கியது. என் தங்கையா இதைச் செய்தாள் என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஏழு நிச்சயம். எட்டாகக்கூட இருக்கலாம் என்று தோன்றியபோது அவனுக்கே கூச்சமாக இருந்தது.

பிறகு முடிவு வந்தது. திடீரென்று எங்கிருந்தோ ஓர் அணை உடைந்தது. வால்வுக்காரன் ஓடினான், தாவினான், யாரையோ தோளில் சுமந்தான், மழையில் மண்டியிட்டு அழுதான். வயலின் இழைந்தது. விளையாடுகிறவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. கஞ்சன் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, சும்மா இருந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். எதைக் காலமெல்லாம் வைதானோ அதையே அவன் தங்கை செய்து வைத்திருந்தாள்.

ஆறு என்று அடித்தான். திரும்பிப் பார்த்தால், நாற்காலியில் அவளுடைய துப்பட்டா. சீப்பில் ஒரு நரைமுடி. அவளுக்கு நரைக்கிற வயதில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்? ஆறை அழித்து ஒன்பதாக்கினான். முடிவைப் பற்றி 'மனதை உருக்குகிறது' என்று பூசி மெழுகினான். சொந்தக்காரர் செய்த கேம் என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது மன்றத்து வழக்கம். அதையும் விழுங்கிவிட்டு அனுப்பினான்.

மன்றம் அதிர்ந்தது. "கஞ்சன் கணக்கை எவனோ திருடிட்டான்" என்றான் ஒருவன். "இல்லப்பா, நம்ம ஆளுக்குக் காதல் வந்திருக்கும்" என்றான் இன்னொருவன். பிரதி கிடைத்த இன்னொரு மூத்த உறுப்பினர், 'இடிமுழக்கம்' என்ற பெயரில் வரும் பழைய எதிரி மட்டும், "எனக்கு அந்த முடிவு பிடிக்கல. ஆனா கஞ்சனே நல்லாருக்குன்னா, கோளாறு எங்கிட்டதான் இருக்கும். இன்னொரு தடவை விளையாடுறேன்" என்று எழுதியிருந்தார். ஆயிரம் வசவு வாங்கியவனுக்கு இந்த ஒரு மரியாதையைத் தாங்க முடியவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டான்.

தங்கை துள்ளிக்கொண்டு வருவாள் என்று எதிர்பார்த்தான். அவள் வந்தாள், முகம் கழுவினாள், தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை.

"என்னம்மா, முகம் குடுத்தே பேசமாட்டேங்குற? ஆயுசுல யாருக்கும் போடாத ஒன்பது போட்டிருக்கேன்."

"அந்த முடிவு உனக்குப் பிடிச்சுதா?"

"நல்லாத்தானே இருந்துது."

"அண்ணா."

அவன் தரையைப் பார்த்தான். "பிடிக்கல" என்றான்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "அந்த அணையே வேணாம்னு எத்தனையோ நாளா சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன். படம் மாதிரி ஒரு கிளைமாக்ஸ் இல்லாட்டி யாரும் சீந்தமாட்டாங்கன்னு அவங்க ரெண்டு பேரும் ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. கடைசியில, கஞ்சன் என்ன சொல்றாரோ அதுப்படி செய்வோம்னு முடிவு பண்ணோம். ஏழுக்குக் கீழ போட்டா தூக்கிடுறது, ஏழோ அதுக்கு மேலயோ போட்டா இருக்கட்டும்னு விடுறது. நான்தான் முதல்ல சரின்னேன். எனக்குத்தான் உன்னைத் தெரியுமே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அது உன் கருத்தா இருக்குமா? என் கருத்தை உன் வாயால சொன்ன மாதிரி ஆயிடும்."

அவள் செய்ததும் சுத்தமான நேர்மை என்று சொல்லிவிட முடியாதுதான். அண்ணன் என்பதை மறைத்தவள் அவளும். ஆனால் மறைத்துவைத்து அவள் நம்பியது அவன் நாக்கின் நேர்மையை. அதையே அவன் தாரை வார்த்துவிட்டான்.

"நல்லது பண்றதா நினைச்சேன்மா."

"ஒன்பதுன்னு பாத்ததும் எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? அவ்வளவு கேவலமாவா செஞ்சிருக்கோம், அண்ணனே பாவம் பாத்து விட்டுட்டானேன்னு." எழுந்துகொண்டாள். "நாளன்னைக்குக் கேமை இனி மாத்த முடியாதபடி பூட்டி அனுப்புறோம். அதோட சரி."

மறுநாள் கடையில், வில்லை மாற்றியபோது ஒரு பெரியவர் "எதைப் போட்டாலும் நல்லாருக்கு தம்பி" என்றார். வழக்கமாகச் சொல்கிற பதில் அவன் வாயில் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியைத் திறந்தான்.

கஞ்சனாகக் கடைசி முறை எழுதினான். "இதைச் செஞ்சது என் தங்கச்சி. நான் போட்ட ஒன்பது பொய். எல்லாரும் மன்னிச்சுக்குங்க." பிறகு கணக்கை மூடும் இடத்துக்குப் போனான். அந்த ஒன்பது கழிந்துபோக வேறு வழியில்லை. உறுதிதானா என்று கேட்டது. இடிமுழக்கத்தோடு மாதக்கணக்கில் போட்ட சண்டை, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தாவில் உட்கார்ந்து எழுதிய கட்டுரைகள், யாரோ முகம் தெரியாதவன் "உங்க எழுத்தாலதான் இந்த ராத்திரிய ஓட்டினேன்" என்று போட்டிருந்த பதில், எல்லாம் இனி அவன் பெயரில் இருக்காது. வாழ்க்கையில் அவன் சொந்தமாகச் சேர்த்தது அந்தப் பெயர் ஒன்றைத்தான். அழுத்திவிட்டான்.

அதே கையோடு 'கண்ணாடிக்கடை' என்ற பெயரில் புது உறுப்பினனாகச் சேர்ந்தான். புதியவர்களின் மதிப்பெண் கணக்கில் சேராது. தெரிந்தேதான் எழுதினான். எழுதியவள் என் தங்கை என்று முதல் வரி. ஐந்தாம் தெரு முனையில் தன் விரல் தயங்கியதைப் பற்றி ஒரு பக்கம். அணை உடைந்ததைப் பற்றி ஒரு பக்கம். அதில் ஈவு இரக்கம் இல்லை. முடிவில், ஆறு.

தையல் கடை மாடியில் அடுத்த நாள் நடந்ததைத் தங்கை பிறகுதான் சொன்னாள். அண்ணனை மறைத்ததற்காக ஒலி சேர்ப்பவன் அவளிடம் எகிறினானாம். கஞ்சனே இல்லாதபோது கஞ்சன் பேரில் செய்த ஒப்பந்தம் எங்கே என்றானாம். படம் வரைகிறவள்தான் புது உறுப்பினன் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னாளாம்: "கஞ்சன் ஒன்பது போட்டப்ப எனக்குத் தலைகால் புரியல. ஆனா கூடப்பிறந்தவரே ஆறுதான் போடுறார்னா, எங்கயோ இடிக்குதுப்பா. நாமளே ஒரு தடவை உக்காந்து விளையாடிப் பாப்போம்."

கேம் ஒரு வாரம் தள்ளி வெளிவந்தது. அணை இல்லை, மழை இல்லை, வயலின் இல்லை. கடைசிக் காட்சியில் வால்வுக்காரன் சாவியை வைத்துக்கொண்டு நிற்கிறான். அதை அடுத்தவனிடம் கொடுப்பதா, தானே வைத்துக்கொள்வதா என்பதை விளையாடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"நீ விளையாடலாம்" என்றாள் தங்கை. "ஆனா இனிமே என் கேமப் பத்தி எங்கயும் எழுதக் கூடாது. எங்கிட்ட மட்டும் சொல்லு."

அவன் விளையாடி முடிக்கும்வரை அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கடைசிக் காட்சியில் அவன் வெகுநேரம் எதையும் அழுத்தாமல் இருந்தான். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டான்.

"எவ்வளவு?" என்றாள்.

"ஏழு."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். ஒன்பதுக்கு முகம் திருப்பிக்கொண்டவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "முதல் தெருவுல தண்ணி கொஞ்சம் மெதுவா ஏறுது. அது மட்டும் இல்லாட்டி..." என்றான்.

"இல்லாட்டி?"

அவன் யோசித்துப் பார்த்தான்.

"இல்லாட்டியும் ஏழுதான்" என்றான்.