ஆடாமப் புடி

எங்கள் தங்கச் சுரங்க லைன் வீடுகளில் ஏசி இருக்கிற வீடு ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் எங்களிடம் ஏசி மெக்கானிக் ஒருத்தி இருக்கிறாள் என்று சாம்பியன் ரீப்ஸ் ஊர் முழுக்கப் பெருமை பேசித் திரிந்தோம். எலைனைத்தான் சொல்கிறேன். அடுத்த வீட்டுக்காரி நான் பேசாமல் வேறு யார் பேசுவது?

ஐடிஐ முடித்துவிட்டு, ராபர்ட்சன்பேட்டையில் வாசுவின் ஏசி கடையில் ஒரு வருஷ அப்ரண்டிஸாகச் சேர்ந்தாள். கடைச் சாவி அவளிடம்தான் இருக்கும். திறப்பது, பெருக்குவது, ஃபில்டர் கழுவுவது எல்லாம் அவள். வேலைக்குப் போகும் வீடுகளில் ஏணி தூக்குவதும் அவளே. பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டில் ஒரு பெண் முகம் தெரிந்தால் கதவு சீக்கிரம் திறக்கும். வாசு அவளைச் சேர்த்ததே அதற்குத்தான் என்பது என் கட்சி.

ஏணியில் ஏறி வேலை செய்வது சீனியர் விநாயக். கீழே நின்று எலைன் செல்போன் வெளிச்சம் காட்டுவாள். செம்புக் குழாயை ஒட்டவைக்கும் நெருப்பு டார்ச்சை ஒரே ஒரு தடவை கையில் எடுத்தாளாம். வாசு பதறிப்போய், "பொம்பளப் புள்ள, மூஞ்சி கீஞ்சி சுட்டுக்கினா உங்கப்பாவுக்கு யாரு பதில் சொல்றது? நீ சும்னே லைட்டு காட்டு. ஆடாமப் புடி" என்றாராம். அடுத்த மாசம் சொல்லித் தருகிறேன் என்றும் சொன்னார். அந்த அடுத்த மாசம் வரவே இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே!

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை எதிர்வீட்டு சூசைராஜ் ஆஸ்பத்திரியில் தவறிப்போனார். ஒரே மகன் சுனில் தோஹாவில் வேலை. திங்கட்கிழமை காலையில்தான் வந்து சேர முடியும். "அதுவரைக்கும் வெச்சிருங்கம்மா. அப்பா மூஞ்சிய ஒருவாட்டி பாத்துடறேன்" என்று போனில் அழுதான். மாதா கோயிலுக்குச் சொந்தமான ஃப்ரீசர் பெட்டியைக் கொண்டுவந்து முன்னறையில் வைத்து, அதில் அவரைக் கிடத்தினோம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தால் கண்ணாடிக்கு உள்பக்கம் வேர்த்திருந்தது. மோட்டார் ஓடுகிறது, குளிர் இல்லை. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். கோயிலின் இன்னொரு பெட்டி பக்கத்து மைசூர் மைன்ஸில் வேறொரு சாவு வீட்டில் இருந்தது. வாசு குடும்பத்தோடு திருப்பதி போயிருந்தார். கோடை வந்துவிட்டால் எங்கள் ஊர் மெக்கானிக்குகள் அத்தனை பேரும் பெங்களூரில் ஏசி மாட்டிக்கொண்டிருப்பார்கள். விநாயக்கும் அங்கேதான். ஆஸ்பத்திரி சவக்கிடங்குக்கு எடுத்துப் போகலாமா என்றார் ஒருவர். சூசைராஜின் மனைவி புஷ்பவல்லி ஒப்பவில்லை. "வூட்டுக்கு வந்த மனுசன மறுபடியும் அங்க அனுப்பமாட்டேன். நம்ம எலைன் கீறா, இன்னாத்துக்குப் பயம்?" என்றாள்.

எலைன் ஆட்டோவில் போய்க் கடையைத் திறந்து டார்ச், ஒட்டுகிற ராடு, கேஸ் சிலிண்டர் எல்லாம் எடுத்துவந்தாள். சூசைராஜைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டுப் பெட்டியை வாசலுக்குத் தள்ளினோம். குழாய்கள்மேல் சோப்புத் தண்ணீர் தடவினாள். மோட்டார் பக்கத்தில் ஒரு ஒட்டு நுரை விட்டது. "இங்கதான் லீக்கு" என்றாள். "புடிச்சிட்டா!" என்று நாங்கள் எல்லோரும் மூச்சுவிட்டோம். மூச்சுவிடாதவள் அவள் ஒருத்திதான். லீக்கைக் கண்டுபிடிக்க அவளுக்குத் தெரியும். அடைக்கத்தான் தெரியாது.

விநாயக்கை வீடியோ காலில் பிடித்தாள். அவளுடைய போனை வாங்கி வெளிச்சத்தோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பத்த வெச்சிட்டியா? சுத்திக் காட்டு. குழாய் செவந்ததும் ராடை வை."

"எவ்ளோ செவக்கணும்ணா?"

"அத எப்படி சொல்றது... கண்ணுக்குத் தெரியும்மா. கை பழகினா தெரியும்."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தப் பெண்ணுக்கு ஏட்டில்கூட அதை எழுதித் தரவில்லை. குழாய் சிவந்தது. அவள் இன்னும் கொஞ்சம் என்று நினைத்தாள். அதற்குள் மெல்லிய குழாய் உருகி, துளி துளியாகத் தரையில் விழுந்தது. ஊசி முனை ஓட்டை பென்சில் நுழையும் ஓட்டையாகிவிட்டது. வாசு மட்டும் அப்போது என் எதிரில் இருந்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எலைன் டார்ச்சை அணைத்துவிட்டுப் புஷ்பவல்லியிடம் போனாள். "ஆன்ட்டி, என்னால முடியல. எனக்கு இத செய்யத் தெரியாது ஆன்ட்டி."

புஷ்பவல்லி திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. "வுடு கண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பாளங்கள் வாங்கிவந்து கட்டிலைச் சுற்றி அடுக்கினோம். அடுக்க அடுக்கத் தண்ணீராகி வாசல்வரை ஓடியது. ஊதுபத்தியைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தியும் பயனில்லை. சாயங்காலம் ஃபாதர் வந்து பார்த்துவிட்டுப் புஷ்பவல்லியிடம் இதற்குமேல் தாங்காது என்று தணிந்த குரலில் சொன்னார். அவள் மகனுக்குப் போன் போட்டாள்.

"ஒரே ஒரு ராத்திரிம்மா! டிக்கெட் கையில வெச்சிக்கினு நிக்கறேம்மா!"

பொழுது சாய்வதற்குள் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் சுனில் வீடியோவில் வந்தான். புஷ்பவல்லியின் கை உதறியது. நான் வாங்கினேன், என் கையும் நிற்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த எலைன் முன்னால் வந்து போனை வாங்கிக்கொண்டாள். குழி ஓரத்தில் மண்டியிட்டு, லைட்டைப் போட்டு, சூசைராஜின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"சிஸ்டர்," என்றான் சுனில் அழுகைக்கு நடுவே, "ஆடாமப் புடிங்க சிஸ்டர்."

எலைனின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கை மட்டும் இம்மிகூட ஆடவில்லை. ஒரு வருஷமாக அவளுக்கு அதைத்தானே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.