ஒலியில்லாத பதினொரு நிமிடம்

இது நடந்தது. எனக்கு என் மேலேயே சந்தேகம் அதிகம். அன்றைக்குக் குறித்து வைத்ததைப் பலமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பேயை நம்ப வேண்டாம். அந்த வீடியோவைப் பாருங்கள். நான் இப்போது அந்த வேலையில் இல்லை. வீடியோ ஆணையத்தின் இணையதளத்தில் இன்னும் இருக்கிறது.

போலீஸ்காரர்கள் மீது வரும் புகார்களை விசாரிக்கும் தனி ஆணையம் அது. பகலில் அங்கே வீடியோக்களைச் சரிபார்த்து வலையேற்றுவேன். மாலையில் சட்ட வகுப்பு. லாக்கப்பில் இருந்த ஒரு லிஃப்ட் மெக்கானிக் இறந்துபோன வழக்கு மறுநாள் பொது விசாரணைக்கு வரவிருந்தது. காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மாரடைப்பு என்றது போலீஸ். விசாரணைக்கு முன் கேமராவில் பதிவானது முழுவதையும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது ஆணையத்தின் விதி.

இறந்தவரின் அக்கா ஐந்து மாதமாக எங்கள் வரவேற்பறைக்கு நடந்துகொண்டிருந்தார். "இந்த நாற்காலிக்கு என் பேர வெச்சிடும்மா," என்று அன்றைக்குச் சிரித்தார். பிறகு தம்பியைப் பற்றிச் சொன்னார். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால், வேலையைத் தொடங்குமுன் விரல் முட்டியால் கதவில் மூன்று முறை தட்டுவாராம். ஆள் வந்தாச்சு, பயப்படாதே என்று அர்த்தம். கிளம்பும்போது, "எதையும் மறைக்காம காட்டுவீங்கல்ல?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

மாலை ஐந்து மணிக்குப் பிரிவு அதிகாரி வந்தார். "விடிகாலை நாலு பன்னெண்டுலேர்ந்து பதினோரு நிமிஷம் வெறும் மூடின லாக்கப் கதவும் காவலுக்கு ஒரு ஆளும்தான். வெட்டிடும்மா. பாக்கறவங்களுக்குத் தூக்கம் வந்துடும்." யாரோ போன் செய்திருக்கிறார்கள் என்று அவர் முகமே சொன்னது. மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. அதைப் புதுப்பிக்க அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். சரி சார் என்றேன்.

எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். எதையும் வெட்டுமுன் ஒருமுறை முழுதாகப் பார்ப்பது என் வழக்கம். பழக்கதோஷத்தில் ஹெட்ஃபோனையும் மாட்டிக்கொண்டேன். திரையில் மூடிய கதவு. பக்கத்தில் ஸ்டூலில் ஒரு காவலர்.

4:13.

டக்... டக்... டக்.

யாரோ எங்கள் அறைக் கதவைத் தட்டுவதாக நினைத்து எழுந்து திறந்தேன். நடையில் ஆளில்லை. வீடியோவைப் பின்னால் ஓட்டினேன். அதே இடம். அதே சத்தம். அந்தக் கேமராவுக்கு மைக்கே கிடையாது. பதிவில் ஒலி இருக்கிறதா என்று இரண்டு முறை சோதித்தேன். இல்லை.

பிறகுதான் காவலரைக் கவனித்தேன். ஒவ்வொரு தட்டலுக்கும் அவர் தலை கதவுப் பக்கம் வெட்டித் திரும்பியது. ஒன்று... இரண்டு... மூன்று.

நான் கேட்பதை அவரும் கேட்கிறார்.

4:16. ஸ்டூலைவிட்டு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

4:19. காதைப் பொத்திக்கொண்டார். கதவைத் திறக்கவில்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

டக்... டக்... டக்.

இந்த முறை என் முதுகுக்குப் பின்னால்.

திரும்பவில்லை.

உடம்பெல்லாம் வேர்த்தது. ஆனால் எனக்குள் எழுந்தது பயம் மட்டுமில்லை. போரடிக்குமாம்... தூக்கம் வருமாம்...

"வெட்ட மாட்டேன்," என்றேன். சத்தமாகவே.

நின்றது.

ஒரு நொடிகூடக் குறைக்காமல் வலையேற்றிவிட்டு, ஓட்டமும் நடையுமாக வெளியேறினேன்.

காலையில் அதிகாரி போனில் பிடித்துக்கொண்டார். வெட்டச் சொன்னேனே என்றார்.

"எழுத்துல குடுங்க சார். அதையும் சேத்து வெப்சைட்ல போட்டுடறேன்."

போனை வைத்துவிட்டார்.

விசாரணைக் கூடத்தில் நிற்க இடமில்லை. பதினொரு நிமிடத்தையும் பெரிய திரையில் ஓட்டினார்கள். சத்தமே இல்லை. நான் கேட்டதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஏன் அப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்தீர்கள் என்று ஆணையத் தலைவர் காவலரிடம் கேட்டார். கொசு என்றார் அவர். யாரோ சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. திரையில் உறைந்து நின்ற அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கையை மடக்கி, முன்னால் இருந்த பெஞ்சில் தட்டினார்.

டக்... டக்... டக்.

காவலரின் முகம் வெளுத்தது. இரண்டு கைகளும் காதுக்குப் போயின.

"நிறுத்தச் சொல்லுங்க சார்... நாலு மணிக்கே உயிர் போயிடுச்சு. நாங்க மூணு பேரும் தொட்டுப் பாத்துட்டுத்தான் கதவப் பூட்டினோம்."

காதிலிருந்து கையை எடுக்காமலேயே தொடர்ந்தார்.

"அதுக்கப்புறம்தான் சார் தட்ட ஆரம்பிச்சான்."