சீனியைக் குறைக்க நான் சொன்ன வழி

என் மனைவிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு; தினமும் மாத்திரை போடுகிறவள். சீனி கூடிக் காட்டினால் கிளினிக் நர்ஸ் மிஸி ஏசுவார் என்று பயந்தவளுக்கு, வழி சொன்ன மகா வைத்தியன் நான்தான்.

"இரவைக்கும் தின்னாத, விடியவும் தின்னாத புள்ள. குளிசைய மட்டும் போடு, சீனி குறைஞ்சு காட்டும்."

பள்ளிக்கூடத்தில் பார்த்தெழுதியே பாஸானவனின் மூளை அது.

மறுநாள் காலை வவுணதீவிலிருந்து கிளினிக்குக்கு ஓட்டோவில் போகும்போது அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. "என்ன, சோதனைப் பயமா?" என்று நக்கலடித்தேன்.

"நீங்க ஆரு?" என்றாள்.

பகிடி என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கண்கள் என்னைத் தெரியாதவனைப் போலப் பார்த்தன.

ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார். "அண்ணன், அக்கா சாப்பிடாம குளிசை போட்டவவா? எங்கட உம்மாக்கும் இப்படித்தான் சீனி இறங்கின."

கடைக்கு ஓடிப்போய்ச் சோடா வாங்கிவந்து, "மெதுவாக் குடிங்க அக்கா" என்று கொடுத்தார். அவள் ஒவ்வொரு மிடறாக விழுங்க, நான் போத்தலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாகத் தெளிந்து, வாயைத் துடைத்துவிட்டு அவரிடம் முறையிட்டாள்: "இந்த மனுசன்ட கதையக் கேட்டன் பாருங்க தம்பி!"

கிளினிக்கில் உண்மையை நானே சொன்னேன். வரிசை முழுவதற்கும் கேட்க மிஸி என்னை ஏசினார். அவ்வளவுதான், ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இதைத் தவிர்க்கவா அவளைப் பணயம் வைத்தேன் என்று இப்போதும் என்னையே ஏசிக்கொள்கிறேன்.