ரெண்டு கண்ணாடிக் கிண்ணம்

பெரிய கடை ஐஸ்கிரீமுக்கு அவ்வளவு விலை கொடுக்கலாமா என்று என்னைப் போய்க் கேட்கிறார்கள் பாருங்கள், அதுதான் வேடிக்கை. என் மகன் கொழும்பில் வேலை பார்க்கிறான். அவன் வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு அப்படி ஒரு கடைக்கு என்னையும் இழுத்துப் போவான். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற கடை. மகன் விலைப்பலகையைப் பார்த்து முணுமுணுப்பான். ருசிக்குத்தானே காசு என்பாள் மருமகள். கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, நீங்க சொல்லுங்கம்மா, இது இந்த விலைக்குத் தகுமா என்பார்கள். நான் சர்க்கரை வியாதியைச் சாக்குச் சொல்லிவிட்டு, வாசலைப் பார்த்த நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். வாயைத் திறந்தேனென்றால் அந்த மேசையில் ஒருத்தருக்கும் இறங்காது.

நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம் கந்தப்பளைக்கு மேலே இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும், தங்கச்சிக்கு ஏழு. தம்பி கைக்குழந்தை. அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது அவனைக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவாள். அப்பா அதற்கு முந்தின மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி முற்றிச் செத்துப்போயிருந்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் உழைக்கிற ஆள் அம்மா ஒருத்திதான். ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்போம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும். அரைப்பேர் விழுந்த நாட்களில் அம்மா எங்களுக்கு ரொட்டி தட்டிக் கொடுத்துவிட்டு, தனக்குப் பசியில்லை என்பாள். நாங்களும் நம்பினோம், நாசமாய்ப்போன பிள்ளைகள்.

அம்மாவின் அண்ணன் நுவரெலியாவில் ஒரு பங்களாவுக்குக் கோக்கி, அதுதான் சமையல்காரர். கொழும்பு ஆட்கள் சித்திரை மாதச் சீசனுக்கு வந்து தங்குகிற பங்களா அது. மாமா எங்கள் லயத்துக்கு, அந்த வரிசைக் காம்பரா வீடுகளுக்கு, வந்தால் பீங்கான் தட்டிலிருந்து துரைமார் பல் விளக்குகிற பிரஷ் வரைக்கும் கதை இருக்கும். அந்த வருஷம் அவருக்குக் கிடைத்த பெருமை ஐஸ்கிரீம் கடை. கொழும்பில் மூன்று இடத்தில் இருக்கிற கடையாம். சீசனுக்காக நுவரெலியாவிலும் ஒன்று திறந்திருக்கிறார்களாம். சுவரெல்லாம் கண்ணாடி, மேசையெல்லாம் வெள்ளைக் கல். ஒரு கிண்ணத்தின் விலை ஒரு பேர்ச் சம்பளத்துக்கு மேலே என்று அவர் சொன்னதும் லயமே சிரித்தது. எங்களுக்கு ஐஸ் என்றால் தேர்த் திருவிழாவில் பெட்டியில் வைத்து விற்கிற ஐஸ்பழம்தான். சிவப்புச் சாயத்தை உறிஞ்சி முடித்தால் மிச்சம் ஒரு குச்சி. பல் கிட்டுகிற ஊருக்கு வந்து காசு கொடுத்துக் குளிரைத் தின்கிறவனுக்குப் பைத்தியம்தான் என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. மாமா அம்மாவைப் பார்த்து, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வா, பங்களா நோனாவே வாங்கிக் கொடுக்கும் என்றார். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

போகிற நாளில் அம்மா காலைப் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுக்கவில்லை. வேலை நாளில் எங்களுக்கு வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினாள். என்னை இரண்டு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தாள், தங்கச்சிக்கு ஒரு தடவைதான். வீட்டில் இருந்தது ஒரே ஒரு சிவப்பு ரிப்பன். அதை எனக்குக் கட்டினாள். எனக்கு ஒரு ரொட்டி கூடுதலாகக் கிடைத்தது. பஸ்ஸில் அவ்வளவு பெரிய பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தங்கச்சி சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தாள். அம்மாவுக்கு என் மேல்தான் ஆசை என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தங்கச்சியைப் பார்த்து நாக்கைத் துருத்தினேன்.

கடை மாமா அளந்ததைவிடப் பெரியதாகத்தான் இருந்தது. உள்ளே கொழும்புக்காரர்கள் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். நோனா ஒரு மூலையில் இருந்தார். சிங்களச் சீமாட்டி, வெள்ளைச் சேலை, நல்ல முகம். கெட்டவளாக இருந்திருந்தாலாவது இத்தனை வருஷம் திட்டி ஆறியிருப்பேன். எங்களை எதிரே உட்காரச் சொன்னார். அம்மாவை உட்காரச் சொன்னாரோ என்னவோ, அவள் சுவரோரமாக மாமாவோடு நின்றுகொண்டாள். காலில் கண்ணாடித் தண்டு வைத்த கிண்ணம் இரண்டு வந்தன. மேலே ஒரு வேபர் பிஸ்கட் குத்தியிருந்தது.

நான் எப்படித் தின்றேன் என்று கேட்காதீர்கள். முதல் வாயிலேயே மண்டை வலித்தது, அப்படியும் விடவில்லை. அந்த ருசியை நான் குறைசொல்லமாட்டேன். அதற்குப் பிறகு அப்படி ஒன்றை நான் வாயில் வைத்ததே இல்லை. தங்கச்சி கரண்டியைத் தொடவில்லை. கிண்ணத்தைச் சுற்றி இரண்டு கையையும் வைத்துப் பொத்திக்கொண்டு மாமாவைத்தான் பார்த்தாள்.

"மாமா, இதைப் பொட்டலமாக் கட்டித் தருவாங்களா? தம்பிக்கு."

மாமா அதைச் சிங்களத்தில் சொன்னார். நோனா சிரித்துவிட்டு, கட்ட முடியாது, நீ சாப்பிடு என்று சைகை காட்டினார். தங்கச்சி கையை எடுக்கவில்லை. பொத்தி வைத்தால் கெடாமல் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள் பாவி. வீட்டில் சோறு ஆறாமல் அப்படித்தானே பொத்தி வைப்போம். அவள் கைச்சூட்டில் அது இளகி, கிண்ணத்தின் விளிம்பால் வழிந்து, கல்மேசையில் சொட்டியது. அவள் பயந்துபோய்ப் பாவாடை நுனியை எடுத்து மேசையைத் துடைத்தாள். அழுந்தத் துடைத்தாள். நனைந்த பக்கம் தெரியாமல் உள்ளே மடித்து வைத்துக்கொண்டு, கிண்ணத்தின் அடியையும் துடைத்தாள். அதோடு விடாமல் என் கிண்ணத்தைத் தூக்கி, நான் சிந்தியதையும் சேர்த்துத் துடைத்தாள். வீணாப் போகுது, நீயே குடிச்சிரு என்று அம்மா என்னிடம் சொன்னாள். நான் தங்கச்சியின் கிண்ணத்தையும் இழுத்து வைத்துக்கொண்டேன்.

நோனா அவள் கையைப் பிடித்துப் புரட்டி நகத்தைப் பார்த்தார். பிறகு மாமாவிடம் ஏதோ சொன்னார். மாமா அம்மாவின் காதருகே போய்ச் சொன்னார். அம்மா சொன்ன பதில் மட்டும் எனக்குக் கேட்டது.

"பெரியவளைத்தானே பேசினோம், அண்ணே. சின்னவளுக்கு இன்னும் பல்லே விழுந்து முளைக்கலை."

"நோனா சின்னதைத்தான் கேக்குது. பெரியது ஐஸ்கிரீம் தின்னே வீட்டை முடிச்சிருமாம்" என்று மாமா சிரிக்கப் பார்த்தார்.

அம்மா என்னைப் பார்த்தாள், தங்கச்சியைப் பார்த்தாள். வெளியே யாரோ மோட்டார் காரின் ஹாரனை அடித்தார்கள். எனக்கு அப்போது இருந்த ஒரே பயம், பேச்சு என் இரண்டாவது கிண்ணத்தைப் பற்றியோ என்பதுதான். பிடுங்கிவிடுவார்கள் என்று அவசர அவசரமாகக் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தேன்.

நோனா வேபர் பிஸ்கட் நாலைந்தைப் பேப்பரில் சுற்றித் தங்கச்சி கையில் கொடுத்தார். அவள் அதைக் கொண்டுபோய் அம்மா கையில் வைத்து, தம்பிக்கு என்றாள். அக்கா தின்னு முடிக்கட்டும், நீ மாமாவோட முன்னாலே போ என்று அம்மா அவளை அனுப்பினாள். அவள் நோனாவின் காரில் ஏறுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது. ஐஸ்கிரீம் தின்னத் தெரியாத கழுதைக்குக் கார்ச் சவாரியா என்று நினைத்தேன். சீசன் முடியும் மட்டும் நோனா வீட்டுக் குழந்தையோடு விளையாடிக்கொண்டு இருப்பாள் என்று அம்மா சொன்னாள். பஸ்ஸில் என்னை மடியில் வைக்கவில்லை. பக்கத்தில் இடம் இருந்தும் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கந்தப்பளையில் இறங்கிப் பார்த்தபோது, பேப்பருக்குள்ளே பிஸ்கட் முழுவதும் பொடியாகியிருந்தது.

சீசன் முடிந்தது. கார் கொழும்புக்கு இறங்கியது, அவளையும் கொண்டு போனது. மாமா சில மாதம் கொஞ்சம் பணமும் கொஞ்சம் சேதியும் கொண்டு வந்தார். காலில் சப்பாத்துப் போடுகிறாளாம், சிங்களம் பேசுகிறாளாம், கூப்பிட வசதியாக வேறு பேர் வைத்துவிட்டார்களாம். பிறகு பங்களா கைமாறியது, நோனா வரவில்லை, கடையும் அடுத்த சீசனுக்குத் திறக்கவில்லை. மாமா வேறு வேலைக்குப் போனார், அப்புறம் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். போகிறபோது அம்மா கேட்டதற்கு, வீட்டு விலாசம் தனக்குத் தெரியாது என்றார். ஞாயிற்றுக்கிழமையானால் நோனா பிள்ளைகளோடும் வேலைக்கார ஆட்களோடும் கொழும்பில் அதே ஐஸ்கிரீம் கடைக்குத்தான் போகும் என்று மட்டும் சொன்னார். பெற்ற பிள்ளைக்கு அம்மாவிடம் இருந்த விலாசம் அந்தக் கடைதான்.

போலீசுக்குப் போகலாம் என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. பிரஜாவுரிமையே இல்லாத எங்களை எந்தப் போலீஸ் உட்கார வைத்துக் கேட்கும்? அம்மா ஒரு வருஷம் தவித்தாள். ஒரு சனிக்கிழமை தம்பியைப் பக்கத்துக் காம்பராவில் விட்டுவிட்டு, வெந்நீர் வைத்து என்னைக் குளிப்பாட்டினாள். இரண்டு தடவை சோப்புப் போட்டாள். அதே சிவப்பு ரிப்பனைக் கட்டினாள். நானுஓயாவில் ரயிலேறி, மறுநாள் காலையில் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினோம். கேட்டுக் கேட்டு அந்தக் கடையைக் கண்டுபிடித்தோம். மூன்று கடையில் எது நோனா வருகிற கடை என்று அம்மாவுக்குத் தெரியாது. பெரியதாக இருந்ததற்குள் போய் உட்கார்ந்தாள். ஆமாம், இந்தத் தடவை உட்கார்ந்தாள், வாசலைப் பார்த்த நாற்காலியில். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரே ஒரு கிண்ணம் வாங்கி என் முன்னால் வைத்தாள்.

நான் கரண்டியை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவாச் சாப்பிடு. அது முடிஞ்சா எந்திரிக்கச் சொல்லுவாங்க."

எவ்வளவு மெதுவாகத் தின்ன முடியும்? கொழும்பு வெக்கையில் அது தண்ணீராகிப்போனது. சிந்தியதை அம்மா முந்தானையால் துடைத்தாள். கதவு திறக்கிறபோதெல்லாம் எழும்பி எழும்பி உட்கார்ந்தாள். வெள்ளைச் சேலைகள் எத்தனையோ வந்தன. பின்னாலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ சின்னப் பிள்ளைகள் வந்தார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ. எங்கள் பிள்ளை வரவில்லை. கிண்ணம் காய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் வெயிட்டர் வந்தான். அவனும் நல்லவன்தான், மெதுவாகத்தான் எழும்பச் சொன்னான். ரயில் காசு போக அம்மாவிடம் இன்னொரு கிண்ணத்துக்கு இல்லை. மற்ற இரண்டு கடையையும் வாசலில் நின்று பார்த்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ பேரை விசாரித்தாயிற்று. இன்று வரைக்கும் அவள் இருக்கிறாளா செத்தாளா என்று எனக்குத் தெரியாது.

ஸ்டேஷனுக்கு நடக்கிற வழியில் அம்மா நின்று, என் தலையிலிருந்த ரிப்பனை அவிழ்த்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். ரயில் புகையில் அழுக்காகிவிடும் என்று கழற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கல்யாணமாகி, என் மடியிலும் ஒரு பிள்ளை கிடந்த பிறகுதான் அது விளங்கியது. நோனா தங்கச்சியைச் சும்மா திருப்பித் தருமா? பதிலுக்கு ஒரு பிள்ளை வேண்டாமா? அதற்குத்தான் வெந்நீர், அதற்குத்தான் சோப்பு. அம்மா என்னைக் கொடுத்து அவளை மீட்கக் கூட்டிப் போயிருந்தாள். அது என் மேல் இருந்த கோபமா, நியாயமா என்று என்னால் அவளிடம் கேட்க முடியவில்லை. அதற்குள் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அன்றைக்கு ரயிலில் நான் அவள் தோளில் சாய்ந்துகொண்டு, நுவரெலியாக் கடை ஐஸ்கிரீம்தான் இதைவிட நல்லா இருந்துச்சு என்று சொன்னேன். அம்மா ம் என்றாள். எனக்கு நித்திரை வருகிற வரைக்கும் மனசு நிறைந்திருந்தது. ஒரு கிண்ணம் முழுவதும் எனக்கே கொடுத்துவிட்டு, அம்மா ஒரு வாய்கூடக் கேட்கவில்லை.