அலை இல்லாத வெள்ளிக்கிழமை

எங்கள் அப்பா மழையை அளக்கிறவர். ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். ரைட்டர் என்றால் கணக்கு எழுதுவதிலிருந்து நூறு வேலை உண்டு. ஆனால் அவர் ஆசையாகச் செய்தது ஒன்றுதான். காலை எட்டு மணிக்கு ஆபீசுக்கு முன்னால் இருக்கும் மழைமானியைத் திறப்பார். உள்ளே தேங்கிய தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றுவார். ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். வெயில் கொளுத்துகிற மாதத்திலும் இது நடக்கும். அன்றைக்குப் புத்தகத்தில் ‘சைபர்’ என்று எழுதுவார்.

“பேயாத மழைய எதுக்குங்க எழுதோணும்?” என்று அம்மா ஒரு தடவை கேட்டாள்.

“பேயலீன்னு எழுதுனாத்தான பேயலீன்னு தெரியும்?” என்றார். அம்மா அதற்குப் பிறகு மழையைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு கப்பல் சீட்டு வந்து சேர்ந்தது. எஸ்டேட் முதலாளிக்கு யாரோ கொடுத்த பரிசு அது. வெள்ளிக்கிழமை சென்னையில் ஏறினால் இரண்டு நாள் கடலுக்குள் சுற்றிக்காட்டி ஞாயிற்றுக்கிழமை இறக்கிவிடுகிற உல்லாசக் கப்பல். இரண்டு பேர் போகலாம். முந்தின நாள் போன் பண்ணிச் சொன்னால் போதும். முதலாளி காலை உடைத்துக்கொண்டு கட்டுப்போட்டுக் கிடந்ததால், “ஊட்டம்மாவக் கூட்டிட்டு நீங்க போய்ட்டு வாங்க ரைட்டரே” என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். சீட்டு அந்த மாதம் முடியும்வரைதான் செல்லும். மூன்று வெள்ளிக்கிழமைகள் மிச்சமிருந்தன.

அம்மா அதே மலையில் வாழவந்தியில் பிறந்தவள். கீழே சேலம்வரை போயிருக்கிறாள், அதைத் தாண்டியதில்லை. சீட்டு வந்த அன்றே கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துத் தூசி தட்டிச் சுவரோரம் வைத்துவிட்டாள். ஆனால் ‘போகலாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேண்டும் என்பதை வாயால் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அடுப்படியில் பாத்திரம் வைக்கிற சத்தத்தை வைத்து நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்பாவின் சங்கதி வேறு. மலை இறங்குகிற பஸ் அவருக்கு ஆகாது, குமட்டும். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் சேலம் போய்ச் சேருவார். அதை அவரும் சொன்னதில்லை, நாங்களும் பேசியதில்லை. “எதுக்கும் நெலமையப் பாத்துட்டுத்தான் போகோணும்” என்றார்.

நிலைமை பார்க்கிற வேலை எனக்கு வந்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஏற்காட்டில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிப்பவள் என்று எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. முதலாளி மகன் அப்பாவின் போனில் கடல் நிலவரம் காட்டுகிற ஏதோ ஒன்றை ஏற்றிக் கொடுத்திருந்தான். எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. மேட்டுப் பலாமரத்தடிக்குப் போய்ப் பார்த்துக்கொண்டு ஓடிவர வேண்டும். காற்று என்று ஒரு எண், அலை என்று ஒரு எண். நான் கடலைப் பார்த்ததே இல்லை. வைத்தியரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு அதன் உடம்பு நிலைமையைத் தினம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் வியாழக்கிழமை, மறுநாள் அலை ஒன்று புள்ளி நாலு மீட்டர் என்று காட்டியது. அப்பா போனை வாங்கிக் கண்ணாடி போட்டுச் சரிபார்த்தார். பிறகு டேப் எடுத்துவந்து கதவு நிலையில் அளந்து பென்சிலால் கோடு போட்டார். அது அவர் தோளுக்கு வந்தது.

“பாரு கண்ணு. இந்த ஒசரம் தண்ணி எந்திரிச்சு நிக்குது. இதுல எப்புடிப் போறது?”

அம்மா கோட்டை ஒரு பார்வை பார்த்தாள். “காப்பிச் செடி ஒசரந்தானுங்க. தெனம் அதுக்குள்ளாறதான பூந்து வாரோம்.”

“செடி ஆடாம நிக்குது புள்ள. சைபர் வரட்டும், போலாம்.”

சைபர் வரும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். மழை ஒருநாள் பெய்கிறது, ஒருநாள் பெய்யாமல் இருக்கிறது. அலையும் அப்படித்தானே இருக்க வேண்டும்? ஏற்காட்டு ஏரியில் எத்தனையோ நாள் அலையே இல்லாமல் நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வாரம் பூஜ்யம் புள்ளி ஒன்பது. கோடு இடுப்புக்கு இறங்கியது. அப்பா முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அடுப்படியில் குழம்புச் சட்டி கொஞ்சம் பலமாக இறங்கியது. பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரம் நின்று, “ஏனக்கா, கப்பலு மலையேறி உங்க ஊட்டு வாசலுக்கே வரோணுமாட்ட இருக்குது?” என்று கேட்டாள். அம்மா சிரித்தாள். உள்ளே வந்து பையிலிருந்த சேலையை எடுத்து மறுபடி மடித்து மறுபடி வைத்தாள்.

அந்த வாரம்தான் எஸ்டேட் ஜீப் டிரைவர் அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் ராமேஸ்வரம் போய் வந்தவர். “அலையில்லாத கடலா? அது எந்தக் காலத்துலயும் சும்மா இருக்காதுங்க ரைட்டரே!” அப்பா குனிந்து மழைமானி மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் எப்போதும் கேலி பேசுகிறவர் என்பதால் நான் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கடைசி வியாழக்கிழமை காலை பலாமரத்தடியில் நின்று பார்த்தேன். ஒன்று புள்ளி ஒன்று. திரும்பி வருகிற வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். வாசலில் அப்பா உட்கார்ந்திருந்தார். உள்ளே அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் தோசைக்கரண்டிச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை, கை மட்டும் அப்படியே நின்றது.

“எவ்வளவு சாமி?”

“சைபருங்கப்பா.”

என் வாய்தான் சொன்னது. நான் சொல்ல நினைக்கவே இல்லை.

“சைபரா?”

“ஆமாங்.”

“நல்லாப் பாத்தியா?”

“நல்லாப் பாத்தனுங்க.”

போனைக் கேட்பார் என்று பாவாடைக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி அம்மாவின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். தோசை தீய்கிற வாசம் வந்தது.

“அப்பறமென்ன, கெளம்பு புள்ள” என்றார்.

மதியப் பஸ்ஸில் ஏறினார்கள். அம்மா தலை நிறையக் கனகாம்பரம். அப்பா சட்டைப் பையில் இரண்டு எலுமிச்சம்பழம். சொல்லிவிடலாம் என்று ஜன்னலோரம் ஓடினேன். அம்மா குனிந்து, “என்ன கண்ணு?” என்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும், “ஒண்ணுமில்லீங்” என்று சொல்லிவிட்டேன்.

மாரமங்கலத்தில் சித்தி வீட்டில் என்னை விட்டிருந்தார்கள். சோறு இறங்கவில்லை. மிளகுக் கொடி அசைந்தால் கடலில் காற்று அடிக்கிறது என்று தோன்றும். அசையாவிட்டால் இங்கே இருக்கிற காற்றும் அங்கே போய்விட்டது என்று தோன்றும். சனிக்கிழமை மழை வந்தது. மழைத் தண்ணீர் கடலிலிருந்துதான் வருகிறது என்று படித்திருந்தேன். அப்படியானால் கடல் இப்போது குறைந்திருக்குமா? குறைந்தால் அலை நல்லதா கெட்டதா? ஒன்றும் விளங்கவில்லை. “சித்தி, கப்பலு முழுகுனா யாரு சொல்லுவாங்க?” என்று கேட்டேன். “வாயக் கழுவுடி! மொதல்ல சோத்தத் தின்னு” என்று தலையில் ஒரு தட்டு விழுந்தது.

திங்கட்கிழமை இரண்டு பேரும் முழுசாக வந்து இறங்கினார்கள். அம்மா வெயிலில் கறுத்துப் போயிருந்தாள். பேச்சில் ஒரு சத்தம் கூடியிருந்தது. அப்பாவுக்குக் கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று இருந்தது. வேலியோர அக்கா ஓடிவந்து கடல் எப்படி என்று கேட்டாள். அம்மா கையை இரண்டு பக்கமும் விரித்தாள், அது போதாமல் மறுபடி விரித்தாள். “நொம்பப் பெருசு. ரெண்டு நாளும் நான் கம்பியப் புடிச்சுட்டு வெளியதான் நின்னேன்” என்றாள்.

அக்கா போன பிறகு எனக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே சொன்னேன். “அப்பா, அன்னிக்குச் சைபர் இல்லீங்க. ஒண்ணு புள்ளி ஒண்ணுங்க. நான் பொய் சொல்லீட்டேன்.”

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா என்னை இழுத்து மடியில் உட்கார்த்திக்கொண்டார்.

“நீ சரியாத்தான சொன்ன சாமி? நாங்க போனப்ப அலையே இல்ல. தட்டுல ஊத்துன தண்ணியாட்ட இருந்துச்சு.”

அம்மா அப்போது பையிலிருந்து அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். எல்லாம் கப்பலிலேயே அலசிக் காய்ந்தவை. “தட்டுல ஊத்துன தண்ணியா?” என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அப்பா முறைக்கப் பார்த்தார், முடியாமல் அவரும் சிரித்துவிட்டார்.

போன் சொன்னது தப்பா, நான் சொன்னதால் கடல் அடங்கிவிட்டதா என்று எனக்குப் பெரிய குழப்பம். கடல் என் பேச்சைக் கேட்கும் என்றுகூடக் கொஞ்ச நாள் நம்பித் திரிந்தேன். அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருந்தது. சிரித்து முடித்த பிறகும் அம்மா கையில் இருந்த சட்டையை மடிக்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படி அவரை அவள் பார்த்து நான் கண்டதில்லை. அவளைக் கப்பலுக்கு அனுப்பப் பொய் சொன்னவள் நான். அவரை எதற்கு அப்படிப் பார்க்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.