ஜெனரல் கொண்டுவராத கோடி

என் மச்சான் சேவுகப்பெருமாள் ராணுவத்தில் லெப்டினன்ட் ஜெனரல். ஒக்கூரில் ஏர் ஓட்டியவரின் மகன். பத்து வயதில் சைனிக் பள்ளிக்குப் போனவர், அதன்பிறகு ஊருக்கு விருந்தாளிதான். காஷ்மீர், சியாச்சின், நாகாலாந்து என்று முப்பத்தெட்டு வருஷம். படிப்படியாக ஏறி, ஐம்பதாயிரம் சிப்பாய்களுக்குத் தலைவரானார். பெரிய ஆள்தான், யார் இல்லையென்றது?

ஆனால் அவருடைய ஒரே தங்கச்சி பொன்னுத்தாயிக்கு நான் தாலி கட்டிய அன்று அவர் வரவில்லை. வளைகாப்புக்கும் வரவில்லை. எங்கள் மகள் காளீஸ்வரிக்குக் குன்றக்குடியில் காது குத்தியபோது, தாய்மாமன் மடி இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒன்றுவிட்ட மாமன் மடி. வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

“எங்கண்ணனை ஒண்ணும் சொல்லாதீக. அவுக அங்குட்டு பனியில நிக்கிறாக” என்பாள் பொன்னுத்தாயி.

“ஆமா, இவரு ஒருத்தருதான் நிக்கிறாரு! மத்தவனெல்லாம் லீவே எடுக்கலையாக்கும்!”

போன மாசியில் புற்றுநோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. “வந்துக்கிட்டே இருக்கேன், தூக்கிராதீக” என்று போனில் அழுதார் மச்சான். பிறந்த வீட்டிலிருந்து வரும் கோடிச் சேலையைப் போர்த்தாமல் பெண்ணைத் தூக்குவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. பிறந்த வீடென்று அவளுக்கு மிஞ்சியவர் இவர் ஒருவர்தான். கோட்டையூர் வீட்டில் ஐஸ் பெட்டியில் அவளை வைத்துக்கொண்டு மறுநாள் மத்தியானம் வரை காத்திருந்தோம்.

இரண்டு வண்டி வந்து நின்றது. சீருடையோடு இறங்கினார். பின்னால் ஒரு சிப்பாய் பெரிய மலர்வளையத்தோடு வந்தான். சேலை இல்லை.

“எம்புட்டுப் பெரிய ஆபீசரு, கூடப்பொறந்தவளுக்கு ஒரு கோடி இல்லையே!” என்று கூட்டத்தில் ஒருத்தி வாய்விட்டே சொன்னாள்.

“என்ன மாப்ள, என்ன சொல்றாக?” என்று என்னைக் கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் கேட்டுவிட வேண்டுமென்று வாயைத் திறந்தேன். அதற்குள் காளீஸ்வரி அவர் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். நானும் பின்னாலேயே போனேன். பீரோவிலிருந்து ஒரு பையை எடுத்து நீட்டினாள். உள்ளே மடிப்புக் கலையாத அரக்கு நிறச் சேலை.

“இதைப் போத்துங்க மாமா. நீங்க வாங்கியாந்ததாவே இருக்கட்டும்.”

“யாரும்மா எடுத்தது?”

“அம்மாதான் எடுத்துச்சு, ஆஸ்பத்திரிக்குப் போற வழியில. ‘அண்ணனுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது, வெறுங்கையோட வருவாக. ஊரு முன்னால தலைகுனிஞ்சு நிக்கக் கூடாது’ன்னுச்சு.”

மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ‘தாயி, தாயி’ என்று அவர் அழுத சத்தம் தெருவுக்கே கேட்டது. பிறகு எழுந்து தங்கச்சியிடம் வந்து, சேலையின் மடிப்பைப் பிரித்தார். காளீஸ்வரி ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, போர்த்தினார். அதற்குப் பிறகுதான் தூக்கினோம்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் மகளிடம் கேட்டேன். “எங்கிட்ட ஏன்டி சொல்லலை?”

“சத்தியம் வாங்கிருச்சுப்பா. ‘தெரிஞ்சா அப்பா எங்கண்ணனை ஏசுவாக’ன்னுச்சு.”

சாகப்போகிறவள், தனக்குப் போர்த்தும் சேலையைத் தானே எடுத்து, என் வாய்க்குப் பயந்து ஒளித்து வைத்திருக்கிறாள். பாவி நான்.