எப்போதும் "உள்ளே" என்ற கூட்டாளி

பூட்டுக்கடைக்காரருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. சாவி தொலைந்துபோச்சு என்று வருகிறவரை ஏற இறங்கப் பார்த்து, "உங்க வீட்டுப் பூட்டுதானே?" என்று கேட்ட பிறகுதான் அரத்தைக் கையில் எடுப்பார். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவர், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "நல்லவேளை, கல்யாணத்தன்னிக்கு என்னை இப்படி இழுத்துப் பாக்கல" என்பாள் மனைவி.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள், தன்னோடு வேலை பார்க்கும் பையன்மேல் உயிரையே வைத்திருந்தாள். பையனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பூட்டுக்கடைக்காரரின் கண்ணை உறுத்தியவர் பையனின் அப்பாதான்.

அவர் கிரில் கதவு செய்யும் வெல்டிங் பட்டறைக்காரர். இரண்டு அப்பாக்களும் பழகட்டும் என்று, பூட்டுக்கடைக்காரர் காலையில் இறகுப்பந்து ஆடும் கூடத்திலேயே பையன் தன் அப்பாவையும் சேர்த்துவிட்டான். இருவரும் ஒரே ஜோடி. எதிர்ப்பக்கம் பல் டாக்டரும் பேக்கரிக்காரரும்.

அந்தக் கூடத்தில் நடுவர் கிடையாது. பந்து யார் பக்கம் விழுகிறதோ, அவர்களே கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சொல்ல வேண்டும். எதிராளி வாய் திறக்கக் கூடாது. தெரியவில்லை என்றால் கூட்டாளியைக் கேட்கலாம். கூட்டாளிகள் இருவரும் முரண்பட்டால் அந்தப் புள்ளி மறுபடி ஆடப்படும். மனிதனை அளக்க இதைவிட நல்ல தராசு வேண்டுமா? பூட்டுக்கடைக்காரர் உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

பட்டறைக்காரர் பொய்தான் சொன்னார். ஆனால் தலைகீழான பொய்! வெளியே விழுந்த பந்தை "உள்ளே" என்று சொல்லிப் புள்ளியை எதிராளிக்குத் தூக்கிக் கொடுத்தார்.

"சார், அது நல்லா வெளியில இல்ல விழுந்துச்சு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் பூட்டுக்கடைக்காரர்.

"இல்ல சார், கோட்டைத் தொட்டுச்சு."

"தருமப் பிரபு சார் உங்க பார்ட்னர்! தினமும் கூட்டிட்டு வாங்க" என்று பேக்கரிக்காரர் சிரித்தார்.

பூட்டுக்கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. முரண்பட்டுச் சொன்னால் சம்பந்தம் பேசும் மனிதரை நாலு பேர் நடுவில் பொய்யர் என்றதாகிவிடும். சொல்லாவிட்டால் ஆட்டம் போகும். ஆட்டம் போகட்டும்; ஆனால் ஒரு மனிதன் எதற்காக இவ்வளவு நல்லவனாக நடிக்க வேண்டும்? எதை மூடி மறைக்க இந்த வெள்ளைப்பூச்சு? பையனுக்கு வேறு கல்யாணம் ஏதாவது ஆகியிருக்கிறதோ?

"ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுல எல்லாரும் வர்றாங்கப்பா" என்றாள் மகள், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி. "வரலாம்னா வரலாம்னு சொல்லுங்க. வேண்டாம்னா அதையும் இப்பவே சொல்லிடுங்க. இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தா நான் என்னன்னு நினைக்கிறது?"

அவள் குரல் உடைந்தது. அவர் எழுந்து போய் வாசல் கதவின் பூட்டை இழுத்துப் பார்த்தார்.

மறுநாள் ஆட்டத்தில் அவர் ஒன்றைக் கவனித்தார். பட்டறைக்காரரின் தாராளம் எல்லாம் இடது கோட்டில்தான். எந்த முனைக்கு மாறி நின்றாலும், அவருக்கு இடது பக்கம் விழுவதுதான் "உள்ளே". பூட்டுக்குள் எந்த முள் சிக்குகிறது என்று கண்டுபிடித்தவர் போல, "இன்னிக்கு நீங்க வலது பக்கம் நின்னு பாருங்களேன்" என்றார்.

வலது கோட்டில் மயிரிழை விலகி விழுந்ததைக்கூடப் பட்டறைக்காரர் பளிச்சென்று "வெளியே" என்றார். சரியாகவே சொன்னார்.

ஆட்டம் முடிந்து செருப்பு விடும் இடத்தில் பூட்டுக்கடைக்காரர் வழிமறித்து நின்றார். "சார், உங்க இடது கண்ணுக்கு என்ன?"

பட்டறைக்காரரின் முகம் வெளிறியது. "வெல்டிங் பொறி பட்டுச்சு. கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு. திரும்பிப் பாக்கறதுக்குள்ள பந்து விழுந்துடுது."

"தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே?"

"தினமும் சொன்னா கண்டுபிடிச்சிட மாட்டாங்களா? வெளியேன்னு சொன்னா திருட்டு. அதான் உள்ளேன்னு சொல்லிட்டேன்." கையைப் பிடித்துக்கொண்டார். "என் பையனுக்குத் தெரியாது சார். தெரிஞ்சா அன்னிக்கே பட்டறையை மூடிடுவான். நான் வீட்டுல சும்மா உக்காந்தா செத்துடுவேன்."

பூட்டுக்கடைக்காரர் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனாலும் சந்தேகம் விடவில்லை. கண்ணை மறைத்தவர் இன்னும் எதை எதை மறைப்பாரோ?

"என் பொண்ணு வாழ வர்ற வீடு சார். அங்க ஒரு ரூம் மட்டும் எப்பவும் பூட்டியே கிடக்கக் கூடாது. பையன்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

சனிக்கிழமை பட்டறைக்காரரைப் பையன்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டான். பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்பது அவன் சிரித்த முகத்திலேயே தெரிந்தது. ‘சரி, அவ்வளவுதான்’ என்று பூட்டுக்கடைக்காரர் மனத்துக்குள் கதவைச் சாத்தினார். மகளிடம் எப்படிச் சொல்வது என்ற நினைப்பிலேயே இரண்டு பந்தைக் கோட்டைவிட்டார்.

கடைசிப் புள்ளி. பல் டாக்டர் அடித்த பந்து இடது கோட்டருகே இறங்கியது. எல்லோரும் மறுபடி இடது பக்கமே நின்றிருந்த பட்டறைக்காரரைப் பார்த்தார்கள். பேக்கரிக்காரர், "உள்ளேதான், எங்களுக்குத் தெரியும்!" என்று கேலியாகக் கைதட்டினார்.

பட்டறைக்காரர் மட்டையைக் கீழே வைத்தார். பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார்.

"எனக்குத் தெரியலை. எனக்கு இடது கண்ணு தெரியறதே இல்லை. ரொம்ப நாளா."

கைதட்டல் நின்றது. பையன் எழுந்துவிட்டான். "என்னப்பா சொல்றீங்க?"

"அப்புறம் திட்டுடா. முதல்ல புள்ளி யாருக்குன்னு முடியட்டும்." கூட்டாளியிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார்."

பூட்டுக்கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். பந்தின் தக்கை கோட்டின் ஓரத்தில் பட்டுத்தான் வெளியே சறுக்கியது. "வெளியே" என்று சொன்னால் கேட்க ஆளில்லை, ஆட்டம் பிழைக்கும். அவர் கண்கள் குளமாயின.

"உள்ளேதான் சம்பந்தி" என்றார். "தோத்துட்டோம்."

பட்டறைக்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பையன் ஓடி வந்து, திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் அப்பாவின் முழங்கையைப் பிடித்தபடி நின்றான்.

பூட்டுக்கடைக்காரர் அவனையும் ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார். "நாளைக்கு எல்லாரும் வந்துடுங்க மாப்ள. வர்ற வழியில உங்க கண்ணையும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிட்டு வாங்க."